சரி செய்யப்பட்டது

பராமரிப்புப் பதிவேட்டில் நான் அதிகமாக எழுதிய பொய், ‘சரி செய்யப்பட்டது’ என்பது. எழுதிக் கையெழுத்தும் போடுவேன். பெரும்பாலான நேரம் அதனால் யாருக்கும் பெரிய கெடுதல் நேர்ந்ததில்லை. ஒரே ஒரு தடவை அந்தக் கையெழுத்து ஒரு பெண்ணுக்கு எதிரான சாட்சியாகப் போய் நின்றது. அவர் செய்த குற்றம், தன் மேஜையடியில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரின் ஃபேன் கத்துகிறது என்று என்னிடம் திரும்பத் திரும்ப வந்து சொன்னது. என் குற்றம், காது நன்றாக இருந்தும் கேட்காதது.

ஒரகடம் சிப்காட்டில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு வெண்டர் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். இந்தப் பகுதியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது. 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் செய்ய ஆரம்பித்து 2014-ல் கதவைச் சாத்தியது. 2007-ல் டெல் அதே ஊரில் கம்ப்யூட்டர் தயாரிக்க வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. இந்தப் பெயர்களெல்லாம் பேப்பரில் வரும். அவற்றுக்குக் குழாயும் கிளிப்பும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் அனுப்புகிற எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகளின் பெயர் எதிலும் வராது. ஆனால் பெரிய கம்பெனி கேட்கிற கணக்கு எங்களுக்கும் உண்டு. பெட்டி ஒவ்வொன்றுக்கும் பார்கோடு லேபிள் ஒட்ட வேண்டும், ஸ்கேன் செய்ய வேண்டும். அதனால் பேக்கிங் டேபிள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கும். புதுக் கம்ப்யூட்டர் கண்டெய்னர் கண்டெய்னராகப் போகிற அதே ரோட்டோரத்தில், எங்கள் டேபிளடியில் இருந்தவையோ ஏதோ ஆபீஸில் ஓடித் தேய்ந்து செகண்ட் ஹேண்டில் வந்தவை.

கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற பெட்டியை இங்கே எல்லாரும் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். சின்ன மாடல்களில் அது ஒடுக்கமான தகரப் பெட்டி. உள்ளே ஹீட் சிங்க், காயில், கெப்பாசிட்டர் எல்லாம் விரல் நுழைய இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை வெளியே தள்ள இருப்பது ஒரே ஒரு ஃபேன், 80 மில்லிமீட்டர் அல்லது அதைவிடச் சிறியது. பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றித் தள்ளும் காற்றைச் சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றித்தான் தள்ள முடியும். வேகம் கூடினால் சத்தமும் கூடும், தேய்மானமும் கூடும். விலை குறைந்த ஃபேன்களில் இருப்பது ஸ்லீவ் பேரிங். எண்ணெய் ஊறிய உலோகப் புஷ்ஷுக்குள் தண்டு சுழலும், அவ்வளவுதான். சூட்டில் எண்ணெய் வற்றும். பேக்கிங் பகுதியில் பறக்கும் அட்டைத் தூசும் ஒரகடம் ரோட்டில் லாரி கிளப்பும் மண்ணும் மிச்சமிருக்கும் எண்ணெயோடு சேர்ந்து பசையாகும். அப்புறம் தண்டு ஆட ஆரம்பிக்கும். கத்தல் அங்கேதான் பிறக்கிறது.

நான் முதலில் சொன்ன அந்தப் பெண் வந்தவாசிப் பக்கம். காண்ட்ராக்ட் ஆள். இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ் பிடித்து வருகிறவர். முதல் தடவை என்னிடம் வந்து அவர் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. “அண்ணா, காலைல ஆன் பண்ணதும் கர்ருனு கத்துது. கொஞ்ச நேரத்துல அடங்கிடுது. மத்தியானம் மறுபடி கிறீச்னு வருது. முன்னல்லாம் பின்னாடி கால் பட்டா சூடா காத்து வரும். இப்ப காத்து கம்மியா இருக்குண்ணா.”

இதைவிடத் துல்லியமாக ஒரு கோளாறை யாரும் சொல்ல முடியாது. குளிர்ந்த நிலையில் கத்தி, சூடானதும் அடங்குவது வறண்ட பேரிங்கின் அடையாளம். வயரோ இறக்கையோ உரசினால் டிக் டிக் என்று சீராகக் கேட்கும். காயில் சத்தமாக இருந்தால் மெல்லிய விசில் போல வரும், கம்ப்யூட்டரின் வேலைப்பளுவுக்கு ஏற்ப ஏறி இறங்கும். அவர் சொன்னது இரண்டுமில்லை. காற்று குறைந்திருப்பதையும் சேர்த்துச் சொன்ன பிறகு, பெட்டியைத் திறக்காமலே முடிவு சொல்லலாம்: ஃபேன் போய்க்கொண்டிருக்கிறது, மாற்ற வேண்டும். எனக்கு அது அந்த நிமிஷமே தெரிந்தது. அறியாமையால் செய்த தப்பு என்று தப்பிக்க எனக்கு வழியே இல்லை. “பாக்கறேம்மா” என்றேன். பார்க்கவில்லை.

மறுபடி சொன்னார். மறுபடி “பாக்கறேம்மா”. பக்கத்து டேபிள்காரர்களும் சேர்ந்து சொன்னபோது, ஷிப்ட் முடிகிற நேரத்தில் பெட்டியைத் திறந்தேன். ஃபேனின் நடுவில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாதி உரித்து, தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஸ்டிக்கரை அமுக்கி ஒட்டி மூடினேன். சத்தம் நின்றுவிட்டது. இந்த வைத்தியத்தைச் செய்யாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். அவசரத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் எண்ணெய் பட்ட ஸ்டிக்கர் பிறகு ஒழுங்காக ஒட்டாது. சுழலும் வேகத்தில் எண்ணெய் வெளியே தெறிக்கும், தெறித்த இடத்தில் தூசு அப்பும். தேய்ந்த புஷ்ஷை எண்ணெய் பழையபடி ஆக்காது. புது ஃபேன் வருகிற வரைக்கும் தாங்க வைக்கிற ஏற்பாடு அது. நான் புது ஃபேனுக்கு எழுதவே இல்லை. பதிவேட்டில் எழுதியது: ‘ஃபேன் சத்தம். சரி செய்யப்பட்டது. நார்மல்.’

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு அதிக வெட்கம் தருவது. அதே வாரத்தில் மேனேஜர் கேபினில் இருந்த கம்ப்யூட்டரும் கத்தியது. அதுவும் அதே மாடல்தான். மேனேஜர் புகார்கூடச் செய்யவில்லை. நான் கையெழுத்து வாங்கப் போனபோது, “என்னப்பா இது, ஒரே இரைச்சலா இருக்கு” என்று போகிற போக்கில் சொன்னார். அன்றைக்கே சென்னைக்குப் போகிற பர்ச்சேஸ் பையனிடம் அளவு எழுதிக் கொடுத்து, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பால் பேரிங் ஃபேனாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். மறுநாள் அவர் வருவதற்குள் மாற்றி, கேபினைத் துடைத்தும் வைத்தேன். ஒரே மாடல், ஒரே சைஸ், விலை சில நூறு ரூபாய். அந்தச் சீட்டில் எண்ணிக்கை என்ற இடத்தில் ‘ஒன்று’ என்று எழுதினேன். இரண்டு என்று எழுதியிருக்கலாம்.

ஏன் எழுதவில்லை என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன். அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணங்கள் நன்றாகத்தான் இருந்தன. லைனை நிறுத்த முடியாது என்பது ஒன்று. உண்மையில் ஷிப்ட் மாறும் இடைவெளியே போதும். சத்தம் அப்படியொன்றும் பெரிதில்லை என்பது இன்னொன்று. தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று வரம்பு இருந்தது. ஒரு குட்டி ஃபேன் அதன் கிட்டேயே போகாது. இந்த விதியை நான் அந்தப் பெண்ணிடமே எடுத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். காதைக் காப்பாற்ற எழுதிய விதியைக் காது கொடுக்காமல் இருக்கப் பயன்படுத்தினேன். அவர் கேட்டதோ, சத்தத்தைக் குறையுங்கள் என்றுகூட இல்லை. மெஷினுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று சொன்னார்.

நிஜமான காரணம் சின்னது, அசிங்கமானது. மேனேஜர் முகம் சுளித்தால் என் இன்கிரிமென்ட்டில் தெரியும். அந்தப் பெண் முகம் சுளித்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. வேலையின் அவசரத்தை நான் கோளாறைப் பார்த்து முடிவு செய்யவில்லை, ஆளைப் பார்த்து முடிவு செய்தேன்.

இதில் தொழில்நுட்பமாகவும் ஒரு பெரிய முட்டாள்தனம் இருக்கிறது. கம்ப்யூட்டரின் பிராசஸர் மேல் இருக்கிற ஃபேனுக்கு மூன்றோ நான்கோ வயர் உண்டு. அதில் ஒன்று, ஃபேன் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று போர்டுக்குத் தகவல் சொல்லும். நின்றுபோனால் திரையில் எச்சரிக்கை வரும். எஸ்.எம்.பி.எஸ். ஃபேனுக்குப் பெரும்பாலும் இரண்டே வயர், சிவப்பும் கறுப்பும். மின்சாரம் போகும், சேதி எதுவும் திரும்பி வராது. அது நின்றால் கம்ப்யூட்டருக்கே தெரியாது. அந்த ஃபேனைக் கண்காணிக்கிற ஒரே கருவி, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் காதும் காலில் படும் காற்றும்தான். பெரிய ஆலைகளில் மோட்டார் பேரிங் கெடுவதை முன்கூட்டியே அறிய, அதிர்வை அளக்கும் சென்சார்களைக் காசு கொடுத்து மாட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தகவல் செலவே இல்லாமல், “அண்ணா” என்று கூப்பிட்டு, நேராக என்னிடமே வந்தது.

அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். கொஞ்ச மாதத்தில் அந்த ஃபேன் விட்டு விட்டு நிற்க ஆரம்பித்திருக்கிறது. சத்தம் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. சத்தத்தைத்தான் நான் எண்ணெய் விட்டு அடைத்திருந்தேனே. உள்ளே சூடு ஏறும்போது, எரிந்துபோகாமல் இருக்க எஸ்.எம்.பி.எஸ். தானாக அணைந்துவிடும், ஆறினால் மறுபடி உயிர் வரும். அப்படி அணைந்து எழுந்த ஒரு நேரத்தில், ஸ்கேன் ஆன சில பெட்டிகளின் கணக்கு பதிவாகாமலே போயிற்று. பெட்டிகள் லாரி ஏறிவிட்டன. வாங்கிய கம்பெனியில் எண்ணிக்கை இடித்தது. அங்கிருந்து மெயில் வந்தது.

அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டார்கள். கம்ப்யூட்டர் தானாக அணைந்தது என்றும், ஃபேன் கோளாறை முன்பே மெயின்டனன்ஸில் சொல்லியிருப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் போய்ப் பார்த்தபோது கம்ப்யூட்டர் ஆறி, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதில் என் கையெழுத்து: ‘சரி செய்யப்பட்டது. நார்மல்.’ அவர் பொய் சொல்கிறார் என்று முடிவாகிவிட்டது. மெமோ கொடுத்து வேறு லைனுக்கு மாற்றினார்கள். காண்ட்ராக்ட் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை.

அந்த விசாரணை நடந்த அறையில் நானும் இருந்தேன். “மெஷின்ல ஏதாவது பிரச்சினை இருந்துதா?” என்று என்னிடம் கேட்டார்கள். “பார்த்தேன் சார், ஓகேதான்” என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு யாரும் இல்லாத நேரத்தில் அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றினேன். ஃபேனை விரலால் சுற்றினால் பாதிச் சுற்றில் நின்றது. ஸ்டிக்கர் கழன்று இறக்கையில் ஒட்டியிருந்தது. நான் விட்ட எண்ணெயில் தூசு சேர்ந்து கறுப்பாக இறுகியிருந்தது. வெளியே போகும் மின்சாரத்தைச் சீராக்குகிற கெப்பாசிட்டர்களில் இரண்டின் தலை உப்பியிருந்தது. இந்த வகைக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. டிப்ளமோவில் எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு ஃபேனை மாற்றாததால் எஸ்.எம்.பி.எஸ்.ஸையே மாற்ற வேண்டி வந்தது. அந்தச் செலவுக்கு யாரும் என்னிடம் விளக்கம் கேட்கவில்லை. ‘வயசாயிடுச்சு சார்’ என்றேன், ஒப்புக்கொண்டார்கள்.

நான் செய்யாமல் விட்ட அந்த வேலை எவ்வளவு சின்னது என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். கம்ப்யூட்டரை அணைத்து மின்கம்பியைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் கை வைக்கக் கூடாது. நம் வீட்டு 230 வோல்ட், உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது 325 வோல்ட் அளவுக்கு நிற்கும், ஆக்டிவ் பி.எஃப்.சி. என்கிற சுற்று உள்ள பெட்டியில் 380-ஐயும் தாண்டும். பெரிய கெப்பாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். சில பெட்டிகளில் ஹீட் சிங்க்கிலேயே மின்சாரம் இருக்கும். காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, சார்ஜ் இறங்கிவிட்டது என்று உறுதியான பிறகே தொட வேண்டும். இந்த வேலை பழகாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், முழு எஸ்.எம்.பி.எஸ்.ஸாக மாற்றிவிடுவது நல்லது.

திறந்தால், பழைய ஃபேனின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். நீளம், அகலம் மட்டும் பார்த்தால் போதாது, கனமும் பார்க்க வேண்டும். 25 மில்லிமீட்டர் கனமுள்ளது வேறு, 15 மில்லிமீட்டர் வேறு. 12 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். சத்தமில்லாத ஃபேன் என்று ஆசைப்பட்டுக் காற்றுக் குறைந்ததைப் போட்டால், அமைதியாகச் சூடேறிச் சாகும். சில பெட்டிகள் ஆரம்பத்தில் ஃபேனுக்கு 12 வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் கொடுக்கும்; அந்தக் குறைந்த வோல்ட்டில் எழும்பிச் சுற்றுகிற ஃபேனாக இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பழையதைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். பிளக் இருந்தால் செருகினால் முடிந்தது. போர்டில் நேராகச் சால்டர் செய்திருந்தால் பழைய வயரை வெட்டி, சிவப்போடு சிவப்பும் கறுப்போடு கறுப்பும் சேர்த்துச் சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் மாட்ட வேண்டும். வயர் இறக்கையில் படாமல் கட்டி, நாலு ஸ்குரூ போட்டு மூடி, பின்னால் ஒரு துண்டுப் பேப்பரைக் காட்டிக் காற்று வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். பழகிய கைக்கு ஒரு டீ குடித்து வருகிற நேரம்.

டிசம்பர் 2021-ல் இதே பகுதியில் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். விடுதியில் சாப்பிட்டு 150-க்கும் மேற்பட்டவர்கள் சிகிச்சைக்குப் போன பிறகு நடந்தது அது. விடுதிகள் இருந்த நிலை அதற்கு அப்புறம்தான் நாடு முழுக்கத் தெரிந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கி, இங்கேயே சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான கோரிக்கை, தங்களுக்காகப் பேசுகிற சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. அந்தச் செய்திகளைப் படித்தபோது கம்பெனிகளைக் கரித்துக்கொட்டுவதில் நானும் முன்னால் நின்றேன். டீக்கடையில், “தொழிலாளி சொல்றத எவன்யா கேக்கறான்” என்று குரல் உயர்த்திப் பேசினேன். அந்தப் பெரிய விஷயங்களோடு ஒரு ஃபேனை ஒப்பிட எனக்கு எண்ணமில்லை. ஆனால் கேட்காமல் விடுகிற பழக்கம் முதலாளிகளோடு நிற்பதில்லை. நீலச் சட்டை போட்டு, கையில் ஸ்குரூடிரைவர் வைத்திருந்த என்னிடமும் அது நன்றாகவே இருந்தது. எனக்குக் கீழே ஒருவர் இருந்தார் என்பதே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அவரைத் தேடி மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. அவர் லைனில் இருந்த தோழிகளிடம் விசாரித்தால் ஊர் தெரிந்திருக்கும், வெட்கத்தில் விசாரிக்கவில்லை. இந்த எழுத்தும் அந்த மன்னிப்புக்கு ஈடாகாது, தெரிகிறது. பிறகு வேறு கம்பெனிக்கு மாறினேன். அங்கே பதிவேட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோளாறு என்ன என்பதை மெஷினில் இருப்பவர் தன் பேச்சிலேயே சொல்ல, அப்படியே எழுதிக்கொள்வேன். ‘கர்ருனு கத்துது’ என்றால் ‘கர்ருனு கத்துது’தான். வேலை முடிந்ததும் சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவரே, நான் இல்லை. எண்ணெய் விட்டால் ‘எண்ணெய் விட்டிருக்கிறது, ஃபேன் மாற்ற வேண்டும்’ என்று எழுதுகிறேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது.

மெயின்டனன்ஸ் பார்க்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்லலாம். லைனில் இருப்பவர் வந்து சத்தம் கேட்கிறது என்றால் அன்றைக்கே போய்ப் பாருங்கள். அவரை விட அந்த மெஷினை அறிந்தவர் கம்பெனியில் யாரும் இல்லை. செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்து யார் தலையில் போய் விழும் என்று போடும்போது தெரியாது.

அன்றைக்கு விசாரணை நடத்தியவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெண் எழுதிக் கொடுத்த விளக்கம் வரிக்கு வரி உண்மை. அவருக்குக் கொடுத்த மெமோ என் பெயருக்கு வந்திருக்க வேண்டியது.